ஐடிஐ முடித்துவிட்டு கட்டடப் பராமரிப்பில் அப்ரண்டிஸாகச் சேர்வது எப்படி?

அடுக்குமாடிக் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, ஐடி பார்க் என்று ஏதாவது ஒரு கட்டடத்தின் பராமரிப்புப் பிரிவில் தொழில் பழக நினைப்பவர்களுக்கு இது. நான் வயர்மேன். பிளம்பர், எலக்ட்ரீஷியன் படித்தவர்களுக்கும் இதே வழிதான்.

முதலில் மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிவு செய்யுங்கள். பத்து நிமிட வேலை. எனக்கு ஒரு மாதம் ஆனது, எல்லாம் இனிஷியலால். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருந்தது, ஐடிஐ சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. சான்றிதழைத் திருத்த அலையாதீர்கள். அதில் இருக்கிறபடி ஆதாரை மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவர் பக்கத்திலேயே நின்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அப்படிப் பார்க்காமல்தான் நான் முதல் வாய்ப்பை வீணடித்தேன்.

அடுத்து, இடம் தேடுவது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் சட்டப்படி அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். அதனால் பெரிய பராமரிப்பு நிறுவனங்களில் முதலில் கேளுங்கள். சேர்ந்ததும் ஒப்பந்தம் தளத்தில் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். ஓரிடத்தில் மூன்று மாதம் ‘அப்ரண்டிஸ்’ என்று சொல்லியே வேலை வாங்கினார்கள். ஒப்பந்தம் இல்லை, அதனால் அந்த மாதங்கள் கணக்கில் வரவில்லை. ஒப்பந்தம் இருந்தால்தான் கடைசியில் தேர்வு எழுதி தேசியச் சான்றிதழ் வாங்க முடியும்.

அப்புறம் கருவிகள். டெஸ்டரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நியூட்ரல் அறுந்த லைனில் சுவிட்சைப் போட்டு வைத்தால் இரண்டு ஒயரிலும் டெஸ்டர் எரியும், பல்பு மட்டும் எரியாது. நான் அரை நாள் குழம்பினேன். சுமாரான டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். வயரிங் படித்திருந்தாலும் சம்ப் மோட்டாரைக் கற்றுக்கொள்ளுங்கள். ராத்திரி வருகிற அழைப்பில் பாதி அதுதான்.

பின்சேர்க்கை: அப்ரண்டிஸுக்குத் தரும் மாத உதவித்தொகையில் அரசின் பங்கு வரவில்லை என்று இரண்டு தம்பிகள் கேட்டிருந்தார்கள். கால் பங்கு, அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய், ஆதார் வழியாக நேராகக் கணக்குக்கு வரும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருந்தால் மட்டும் போதாது. மானியம் வருகிற கணக்கு இதுதான் என்று, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்புவதை நடத்தும் என்பிசிஐ அமைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். ஒருவருக்குப் பணம் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது, பள்ளிக்கூட ஸ்காலர்ஷிப்புக்குத் திறந்த பழைய கணக்கில்.