ஹெட்லைட்டுக்குள் புகுந்த ஈரம்

ஐப்பசி மழை ஆரம்பித்தாலே எங்கள் பழைய காரின் இடது ஹெட்லைட்டுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். கடலூரிலிருந்து சிதம்பரம் ரோட்டில் இரவு போனால் அந்தப் பக்கம் வெறும் மங்கல்தான்.

விளக்கின் முன்கண்ணாடியையும் பின்பக்க டப்பாவையும் சேர்க்கும் பசை விட்டுப்போயிருந்தது. ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அமுங்கி இழுபட்டால் பியூட்டைல் என்ற ரப்பர் பசை, சூட்டுக்கு இளகும். கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் பாலியூரித்தேன் பசை, அதை வீட்டில் தொடவே வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தில் தெரிந்த ஸ்டிக்கர் கடையில் சூடான காற்று ஊதும் ஹீட் கன் இரவல் வாங்கினேன். "ஒரே இடத்துல காட்டாதீங்கண்ணே, பிளாஸ்டிக் வளைஞ்சிடும்" என்றார் கடைத் தம்பி. ஸ்க்ரூ, கிளிப் எல்லாம் எடுத்துவிட்டு, சுற்றிச் சுற்றிச் சூடு காட்டி மூலையிலிருந்து மெதுவாக நெம்பினேன். கறுப்புப் பசை நூல் நூலாக இழுபட, கண்ணாடி பிரிந்து வந்தது.

உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டரில் விரல் படவே கூடாது. அந்த அலுமினியப் பூச்சு அவ்வளவு மெல்லியது, துடைத்தாலே கீறல் விழும். அலங்காரச் சட்டத்தை மட்டும் கழற்றி மேட் கறுப்பு அடித்து, வாடை போகும்வரை காயவிட்டேன்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. பள்ளத்தில் இருந்த பழைய பசையை முழுக்கச் சுரண்டி, புது பியூட்டைல் கயிற்றை இடைவெளி இல்லாமல் பதித்து, மறுபடி சூடு காட்டி அழுத்தி, ஆறும்வரை கிளாம்ப் போட்டேன். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் பசை கூடாது, அதன் ஆவி பூச்சைக் கெடுக்கும். பின்னால் உள்ள காற்றுத் துளையையும் அடைக்காதீர்கள். பல்பு சூடாகி ஆறும்போது காற்று போய்வர அதுதான் வழி.

ஹோஸ் தண்ணீரில் சோதித்தபோது சொட்டுகூட நுழையவில்லை. காரில் மாட்டியதும் சுவரில் வெளிச்சம் அடித்து உயரத்தைச் சரிசெய்யுங்கள், எதிரே வருபவர் கண் கூசக் கூடாது.