எனக்கு நாலு மணி நேரத் தூக்கம் போதும் என்பவர்களுக்கு

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் காலையில் ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தால், "எனக்கெல்லாம் நாலு மணி நேரம் தூங்கினாப் போதும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். முகத்தில் பெருமை வேறு. நாம் எல்லாம் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போய் நின்றவர்களின் பிள்ளைகள். அதிகம் தூங்குபவன் சோம்பேறி என்று கேட்டே வளர்ந்தோம். ஆனால், பால்மரம் வெட்டிய அந்தத் தலைமுறை ஒன்பது மணிக்கெல்லாம் பாயை விரித்துவிடும். நாம் விடியலில் எழுவதை வைத்துக்கொண்டோம், நேரத்தோடு படுப்பதை விட்டுவிட்டோம்.

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசியும் கூடும். நடுராத்திரியில் மேகி கிண்டத் தோன்றுவது அதனாலும்தான். 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களில் சுமார் 31 பேருக்கு. தூக்கம் மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. சீனியைக் குறைக்கச் சொல்லும் நாம், தூக்கத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை என்கிறேன்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தவர்களில் பலர் இப்போது தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. காலை எட்டு மணிக்கு வீடு திரும்பி, பசியாறி, மார்க்கெட் போய், பில் கட்டி, பதினொன்றுக்குப் படுப்பது. அதற்குள் தகரக் கூரை சுடத் தொடங்கிவிடும், உடம்பும் பகல் கணக்குக்கு மாறிவிடும். வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெயில் கண்ணில் பட்டால் மூளை விழித்துக்கொள்ளும். வந்ததும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். ஜன்னலுக்குத் தடித்த துணி போடுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். கண் சொக்கும்போது மட்டும் மோட்டார் ஓட்டாதீர்கள். அரைத் தூக்கத்தில் ஓட்டுவதும் போதையில் ஓட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்புறம் தே தாரிக், நம் பால் தேநீர். காப்பியில்தான் தூக்கம் போகும், தேநீரில் போகாது என்று நினைக்கிறோம். இரண்டிலும் காஃபின் உண்டு. குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதில் ஏறக்குறைய பாதி உடம்பில் நிற்கும். ஆறு மணித் தேநீர், பதினொரு மணிக்குப் படுக்கையில் உங்களோடு படுத்திருக்கும். தூக்கம் வர இருமல் மருந்து குடிப்பதும், ஒரு போத்தல் பீர் அடிப்பதும் வேண்டவே வேண்டாம். பீர் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விடும்.

பிள்ளைகள் விஷயத்தில் கடிகாரமே நமக்கு எதிரி. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சூரியனுக்கு அது தெரியாதே, ஏழு மணி வாக்கில்தான் எட்டிப் பார்க்கும். பிள்ளைகளோ இருட்டிலேயே பள்ளிப் பேருந்துக்கு நிற்கிறார்கள். ஐந்தரைக்கு எழ வேண்டிய ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்றால், எட்டரைக்குப் படுக்க வேண்டும். நம் வீடுகளில் அப்போதுதான் நாடகம் சூடு பிடிக்கும். ஞாயிறு மதியம் வரை தூங்கவிட்டு ஈடுகட்டலாம் என்றால், அன்றிரவு தூக்கம் வராமல் திங்கள் காலை அழுகைதான்.

கடைசியாகக் குறட்டை. என் அப்பா விடும் குறட்டை பக்கத்து லயத்துக்கே கேட்கும். "மனுஷன் அசந்து தூங்குறார்" என்றுதான் எல்லோரும் சொன்னோம். நடுவில் சத்தம் நின்றுபோகும். சில நொடி மூச்சே இருக்காது. பிறகு திடுக்கென்று மூச்சை இழுப்பார். அம்மா முழங்கையால் இடிப்பார். அது அசந்த தூக்கமே அல்ல. தொண்டை அடைபட்டு, மூளை மூச்சுக்காக ஒவ்வொரு தடவையும் எழுப்பிவிடுகிற தூக்கம். அதனால்தான் காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் சொக்கல், மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம். இப்படி யாராவது வீட்டில் இருந்தால் அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போய், மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள். போகுமுன் ஒரு ராத்திரி அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். டாக்டர் கேட்கும்போது, "நான் குறட்டையே விடுறதில்லையே" என்றுதான் அவர் சொல்லப் போகிறார்.