தண்ணீருக்குள் வாட்ச் ஏன் வெள்ளித் தகடாகிறது? பார்ப்பதும் சரிசெய்வதும்

வாட்ச் கட்டிய கையைத் தண்ணீருக்குள் வைத்து, நன்றாகச் சாய்வாகப் பாருங்கள். ஒரு கட்டத்தில் எண்கள் மறைந்து, வாட்ச் முகம் முழுக்க வெள்ளித் தகடு போலப் பளபளக்கும். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் தண்ணீர் புகாமல், உள்ளே காற்று இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது. இதை வீட்டில் பார்ப்பது எப்படி, கேசியோ எஃப்-91டபிள்யூ என்ற பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்சில் எண்ணெய் நிரப்பிச் சரிசெய்வது எப்படி என்று சொல்கிறேன். நான் தினமும் கட்டுவது அப்படி நிரப்பிய வாட்சைத்தான்.

காரணம் இதுதான். தண்ணீரின் ஒளிவிலகல் எண் (ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 1.33, காற்றுக்கு 1.00. வாட்ச் கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 48.6 பாகைக்கு மேல் சாய்வாகப் பார்த்தால், டயலிலிருந்து கிளம்பும் ஒளி நம் கண்ணுக்கு வர வழியே இல்லை. வெளியிலிருந்து போகும் ஒளிதான் அப்படியே திரும்பி வரும். பள்ளிப் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பு.

சஃபையர் கண்ணாடி போட்டால் சரியாகுமா? ஆகாது. கண்ணாடி தட்டையாக இருக்கும்வரை அது சாதாரணக் கண்ணாடியா (1.52), சஃபையரா (1.77) என்பது கணக்கில் வராது. இரு பக்கமும் இணையாக இருப்பதால் அதன் பங்கு அடிபட்டுப்போகும். மிஞ்சுவது தண்ணீரும் காற்றும்தான். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் இந்தக் கோணத்துக்கு அப்பால் உதவாது. இதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

முதலில் பார்த்துவிடுங்கள்

‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று எழுதியிருக்கும் வாட்ச் மட்டும் போதும். தண்ணீருக்குள் பட்டனை அழுத்த வேண்டாம்.

பலருக்கும் தடுமாற்றம் இங்கேதான். பாத்திரத்தின் அடியில் வாட்சைப் படுக்க வைத்து, மேலிருந்து எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வெள்ளித் தகடு தெரியாது. எவ்வளவு குனிந்து பார்த்தாலும், நம் பார்வைக் கோடு தண்ணீர்ப் பரப்பைத் தாண்டும்போது வளைந்துவிடும். உள்ளே அதன் சாய்வு 48.6 பாகையைத் தாண்டவே தாண்டாது. இரண்டு இடத்திலும் அதே தண்ணீர், அதே காற்று, ஆகவே அதே எல்லை.

அதனால் சாய்க்க வேண்டியது வாட்சைத்தான். நேர் மேலிருந்து பார்த்தபடி வாட்சை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். பாதிச் செங்குத்தைத் தாண்டியதும் எண்கள் சட்டென்று மறையும். அல்லது தட்டையான பக்கங்கள் உள்ள சின்ன மீன் தொட்டியில் போட்டு, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். உருண்டையான டம்ளர் வேண்டாம், அதுவே ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்து குழப்பும்.

மறைந்த இடத்தில் வெள்ளையாகத் தெரியாமல் கறுப்பாகத் தெரிகிறதா? எதிரே இருப்பது இருட்டு, அவ்வளவுதான். ஒரு சிவப்பு பாட்டில் மூடியைத் தண்ணீருக்குள் எதிர்ப்பக்கம் பிடியுங்கள். வாட்ச் முகத்தில் மூடி தெரியும்.

அப்புறம், நேராகப் பார்க்கும்போது தண்ணீருக்குள் எழுத்து இன்னும் தெளிவாக இருப்பதையும் கவனியுங்கள். வெளிப்பரப்பில் வழக்கமாகச் சுமார் 4 சதவீத ஒளி எதிரொளிக்கும். தண்ணீர் பட்டதும் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. எஃப்-91டபிள்யூவின் பிளாஸ்டிக் முகத்தில் இருக்கும் மெல்லிய கீறல்கள்கூட மங்கிவிடும்.

எண்ணெய் நிரப்புவது

உள்ளே காற்றுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் இருந்தால், அதன் ஒளிவிலகல் எண் 1.40. தண்ணீரைவிட அதிகம் என்பதால் முழு எதிரொளிப்பு எந்தக் கோணத்திலும் நடக்காது. பிராங்க்ஃபர்ட்டின் சின் நிறுவனம் தன் யுஎக்ஸ் வாட்சில் செய்வது இதைத்தான். அதுவும் இதைப் போலப் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச். சாவி கொடுக்கும் வாட்சை எண்ணெயில் முக்காதீர்கள், நேரத்தைக் கணக்கிட உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரம் ஆடாது.

50 முதல் 100 சென்டிஸ்டோக்ஸ் பாகுநிலை (எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு) உள்ள சுத்தமான சிலிக்கான் எண்ணெய் வாங்குங்கள். ரிமோட் கார் ஷாக் அப்சார்பருக்கு விற்பதே போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது: 24 பாகை செல்சியஸ் வாக்கில் உறையும், நாளானால் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். சிலிக்கான் எண்ணெயில் மின்சாரம் பாயாது, சர்க்யூட்டுக்கு ஆபத்தில்லை.

பின்மூடியின் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். மூடிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே அலாரத்துக்கான குட்டி ஸ்ப்ரிங் ஒன்று நிற்கும். அதை முதலில் எடுத்து ஒரு பாட்டில் மூடியில் போட்டு வையுங்கள், தரையில் விழுந்தால் கிடைக்காது. மாட்யூலை, அதாவது திரையும் சர்க்யூட்டும் சேர்ந்த உள்பகுதியை, மெதுவாக வெளியே எடுங்கள்.

எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் கேஸை (வாட்சின் வெளிக்கூட்டை) முகம் கீழாக முக்கி, பட்டன் ஓட்டைகளில் இருக்கும் காற்று போக ஒவ்வொரு பட்டனையும் பலமுறை அழுத்துங்கள். இப்போது மாட்யூலை எண்ணெய்க்குள்ளேயே சாய்வாக, ஒரு ஓரம் முதலில் இறங்கும்படி வையுங்கள். நேராக அமுக்கினால் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே குமிழ் மாட்டிக்கொள்ளும். அந்தக் குமிழ் இருந்தால் அந்த இடம் மட்டும் தண்ணீரில் வெள்ளியாகவே இருக்கும். வாட்சைத் திருப்பிப் பாருங்கள். குமிழ் தெரிந்தால் மாட்யூலை எடுத்து மறுபடி இறக்குங்கள். பிறகு அப்படியே சில மணி நேரம் எண்ணெய்க்குள் விட்டுவிடுங்கள், ஒளிந்திருக்கும் சின்னக் குமிழ்கள் மேலே வரும்.

ஸ்ப்ரிங்கை அதன் குழியில் வைத்து, ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைத்து, எண்ணெய்க்குள்ளேயே மூடியைப் பொருத்துங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். வெளியே பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிவிட்டால் முடிந்தது. எண்கள் கண்ணாடியின் மேலேயே அச்சடித்த மாதிரி நிற்கும், தண்ணீருக்கு வெளியிலும்! எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது அதுதான்.

பின்சேர்க்கை

இப்படி எண்ணெய் நிரப்பிய சிலர், அலாரம் மிக மெல்லமாகக் கேட்கிறதே என்று கேட்டிருந்தார்கள். ஆமாம். பின்மூடி அதிர்ந்துதான் சத்தம் வருகிறது, எண்ணெய் அந்த அதிர்வை அடக்கிவிடுகிறது. அலாரத்தை நம்பி எழுபவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

குளிர்ந்த இடத்தில் குமிழ் தோன்றி, வெயிலில் மறைகிறது என்றும் ஒருவர் எழுதினார். எண்ணெய் குளிரில் சுருங்குகிறது, அதனால் வருவது. 2013இல் வந்த, எண்ணெய் நிரப்பிய, பெல்ஜியத்தின் ரெசன்ஸ் டைப் 3 வாட்சில் இதற்கென்றே சுருங்கி விரியும் துருத்திகள் வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஏசி அறையில், எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது மூடினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் அப்படி மூடிய வாட்சை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், விரியும் எண்ணெய் ரப்பர் வளையத்தைத் தள்ளி வெளியே கசியும்.