சவுக்கு நாற்றங்காலில் நன்மை செய்யும் பூஞ்சாணங்கள்: பயன்படுத்தும் முறை

முந்தைய மாலை வரை பசுமையாக நின்ற தாய்ப்பாத்தியில் சவுக்கு நாற்றுகள் வட்ட வட்டமாகச் சாய்ந்து கிடப்பதைக் கண்ட பிறகுதான் பலரும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத் தூளை வாங்கப் புறப்படுகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. தரைமட்டத்தில் தண்டு நீர்கோத்துக் கறுத்து இற்றுவிழும் இந்த நாற்றழுகல் நோயை உண்டாக்கும் பித்தியம், ரைசக்டோனியா, பியூசேரியம் ஆகிய கிருமிகள் மண்ணில் முன்பே குடியிருப்பவை; ஆகவே அவற்றை எதிர்க்கும் பூஞ்சாணமும் விதை விழுவதற்கு முன்பே அங்கே இடம் பிடித்திருக்க வேண்டும்.

விதைப்புக்குப் பத்து நாள் முன்னதாக, நன்கு மக்கிய தொழுவுரம் 100 கிலோவுடன் 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடி தூளைக் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து, நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடிவைக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால், ஒரு வாரத்தில் குவியலில் முதலில் வெண்மையாகவும் பிறகு பச்சையாகவும் பூஞ்சாணம் படரும். அந்தப் பச்சையைக் கண்டு உரம் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுபவர்கள் உண்டு. உண்மையில் நாம் காத்திருந்தது அதற்காகத்தான். மக்காத சாணத்தில் எழும் சூடு பூஞ்சாணத்தைக் கொன்றுவிடும் என்பதால், இந்த இடத்தில் அவசரம் கூடாது. பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குவதும், வெயில் படாமல் வைப்பதும் அதே அளவு முக்கியம்.

இவ்வாறு பெருக்கிய உரத்தை மேட்டுப்பாத்தியின் மேல்மண்ணில் சீராகக் கலக்க வேண்டும். விதையையும் நேர்த்தி செய்வது நல்லது: ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் தூள் என்ற கணக்கில், ஆறிய அரிசிக்கஞ்சியைச் சிறிதளவு தெளித்துப் பிசிறி, நிழலில் உலர்த்தி அன்றே விதைத்துவிடலாம். டிரைக்கோடெர்மாவின் இழைகள் ரைசக்டோனியாவின் இழைகளைச் சுற்றிக்கொண்டு, அவற்றின் சுவரை நொதிகளால் கரைத்து உண்கின்றன. இந்த ஒட்டுண்ணிப் பண்பை வைண்ட்லிங் என்ற ஆய்வாளர் 1932இலேயே எடுத்துக்காட்டினார். ஆனால் பாத்தியில் நீர் தேங்கினாலோ விதையை நெருக்கி விதைத்தாலோ எந்தப் பூஞ்சாணமும் நாற்றைக் காப்பாற்றாது.

வளர்ச்சியைத் தூண்டுவது வேறொரு பூஞ்சாணத்தின் பணி. வேம் என்று கடைகளில் கேட்கப்படும் வேர் உட்பூசணம் வேருக்குள் புகுந்து வாழ்ந்து, தன் இழைகளை வேர் எட்டாத மண்ணுக்குள் நீட்டி, மணிச்சத்தை (பாஸ்பரஸ்) செடிக்குக் கொண்டுவந்து தருகிறது. உயிருள்ள வேர் இல்லாமல் இது பெருகாது. எனவே தாய்ப்பாத்தியிலிருந்து நாற்றைப் பைக்கு மாற்றும் நாளே இதற்கு ஏற்ற தருணம் என்பது என் முடிவு. பையின் நடுவில் குழியிட்டு, அதன் அடியில் 10 கிராம் அளவு வேம் கலவையை இட்டு, வேர் நேரடியாக அதன்மேல் படியுமாறு நாற்றை வைத்து மண் அணைக்க வேண்டும். மேலே தூவிவிட்டால் வேரைச் சேர நாளாகும். பை மண்ணில் சூப்பர் பாஸ்பேட்டோ டி.ஏ.பி.யோ தாராளமாகக் கலந்திருந்தால், மணிச்சத்து எளிதில் கிடைப்பதால் வேரில் பூசணம் குறைவாகவே குடியேறும்.

தேக்கு, வேம்பு, மலைவேம்பு நாற்றுகளுக்கும் இதே முறை பொருந்தும். பைன் போன்ற சில மரங்களுக்கு வேரின் வெளியே உறைபோல் படரும் வேறு வகைப் பூஞ்சாணம் தேவை.

கார்பன்டசிம் போன்ற பூஞ்சாணக் கொல்லிகள் நன்மை செய்வதையும் சேர்த்தே அழிக்கும். ஆகையால் நன்மை செய்யும் பூஞ்சாணங்களை இட்ட பாத்தியில் ஓரிரு திட்டுகளில் அழுகல் தென்பட்டால், மருந்தை ஊற்றாமல், அந்தத் திட்டை மண்ணோடு அள்ளி அகற்றி, நீரைக் குறைத்து, நிழல்வலையைச் சற்று விலக்கிப் பாருங்கள்.

நடவு நாளில் பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையாமலும் வேர் வெயிலில் காயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதமாக வளர்த்த பூசண இழைகள் அந்த மண்கட்டியில்தான் இருக்கின்றன.