பெஞ்சுக் காலைச் சாய்வாக வெட்ட கோணம் எடுப்பது எப்படி

கால்கள் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்திருந்தால் பெஞ்சு ஆடாமல் உறுதியாக நிற்கும், பார்க்கவும் அழகு. ஆனால் ரம்பத்தை எடுத்ததும் எத்தனை டிகிரி, எந்தப் பக்கம் சாய்க்க என்று குழப்பம் வரும். அதனால் முதலில் வரைந்துவிடுங்கள், அதுவும் ஒரு ப்ளைவுட் துண்டில், நிஜ அளவிலேயே.

தரைக்கு ஒரு கோடு. உட்காரும் உயரம் 450 மி.மீ., பலகையின் தடிமன் 40 என்று வைத்துக்கொண்டால், பலகையின் அடிப்பக்கத்துக்கு 410 மி.மீ. உயரத்தில் இன்னொரு கோடு. கால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும். 10 டிகிரி சாய்வு போதும். மேலே கால் தொடங்கும் புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இறக்குங்கள், அது தரையைத் தொடும் இடத்திலிருந்து 72 மி.மீ. வெளியே தள்ளிக் குறித்து, அந்தக் குறியையும் மேல் புள்ளியையும் இணைத்தால் கோணம் வந்துவிடும் (410 × டான் 10). கால் சாய்வதால் அதன் நீளம் 410 அல்ல, 410-ஐ காஸ் 10-ஆல் வகுத்தால் வரும் 416 மி.மீ. இதை ஒரே விளிம்பில்தான் அளக்க வேண்டும், மூலைக்கு மூலை குறுக்காக அல்ல.

இன்னொரு குழப்பம் டிகிரியில். தரையிலிருந்து அளந்தால் காலின் கோணம் 80, ஆனால் மைட்டர் ரம்பத்தில் (டிகிரி வைத்துச் சாய்த்து வெட்டும் ரம்பம்) நேர்வெட்டுதான் 0, எனவே அதில் வைக்க வேண்டியது 10. கைரம்பம் என்றால் வரைபடத்திலிருந்தே பெவலில் (எந்தக் கோணத்துக்கும் திருப்பி இறுக்கிக்கொள்ளும் அளவுக் கருவி) கோணத்தைப் பிடித்து, திருகை இறுக்கி, மரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், எண்ணே தேவைப்படாது.

காலின் மேல் வெட்டும் கீழ் வெட்டும் ஒன்றுக்கொன்று இணை. அதனால் ஒரு முனையை வெட்டியதும் கட்டையைப் புரட்டாமல் அப்படியே நகர்த்தி அடுத்த முனையை வெட்டுங்கள். இரண்டு கால்களுக்கு நடுவே வரும் குறுக்குச் சட்டத்துக்கு நேர்மாறு, அதன் முனைகள் எதிரெதிராகச் சாய்வதால் கட்டையைப் புரட்டியே ஆக வேண்டும், கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிட நீளமாக வரும். அதன் நீளத்தைக் கணக்குப் போட வேண்டாம், எந்த உயரத்தில் வருகிறதோ அங்கே வரைபடத்திலேயே அளந்துகொள்ளுங்கள்.

முன்பக்கமும் பக்கவாட்டிலும் 10, 10 டிகிரி விரித்தால் காலின் உண்மையான சாய்வு 14 டிகிரி, நீளம் கிட்டத்தட்ட 423 மி.மீ. ஆகிவிடும், முனை வெட்டையும் இரண்டு திசையில் சாய்த்தே போட வேண்டும். முதல் பெஞ்சுக்கு ஒரு பக்கச் சாய்வே நல்லது.

நல்ல மரத்தில் கை வைக்கும் முன் அதே அகலமுள்ள கழிவுக் கட்டையில் ஒரு காலை வெட்டி வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள், இரண்டு முனைகளும் கோட்டோடு ஒட்டி உட்கார்ந்தால் சரி, அப்புறம் நான்கு கால்களையும் அதே செட்டிங்கில் ஒரே மூச்சில் வெட்டிவிடலாம்.