பிட்சர் ஒப்பந்தங்கள்: குளிர்காலச் செய்திகளைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை அமெரிக்காவில் மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்கள் அநேகமாகக் கிடையாது. ஆனால் செய்திக்குக் குறைச்சல் இல்லை. ஆண்டின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முடிந்து ஐந்து நாள் போனதும் ஃப்ரீ ஏஜென்ட் வீரர்கள், அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் கட்டுப்படாதவர்கள், எந்த அணியோடும் கையெழுத்துப் போடலாம். டிசம்பரில் வின்டர் மீட்டிங்ஸ் என்ற பெயரில் அணி நிர்வாகிகளும் ஏஜென்ட்டுகளும் ஓரிடத்தில் கூடிப் பேரம் பேசுவார்கள். இதில் அதிகம் பேசப்படுவதும், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் பிட்சர்களின், அதாவது பந்து வீசுபவர்களின், ஒப்பந்தங்கள்தான்.

நம்மில் பலர் இதை ஐபிஎல் ஏலம் மாதிரி நினைத்துக்கொண்டு படிக்கத் தொடங்குகிறோம். முதல் சறுக்கல் அங்கேயே நடக்கிறது. ஐபிஎல் ஏலத்தில் அதிகத் தொகை சொன்ன அணிக்கு வீரர் போயாக வேண்டும்; அணிக்கும் ஒரு செலவு வரம்பு உண்டு. இங்கே இரண்டும் இல்லை. மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு சேவையை முடித்து, ஒப்பந்தமும் முடிந்த வீரர் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போகலாம். 2019 டிசம்பரில் பிட்சர் சாக் வீலருக்கு சிகாகோ வொயிட் சாக்ஸ் கூடுதல் தொகை தரத் தயாராக இருந்ததாகச் செய்தி வந்தது. அவர் 5 ஆண்டுக்கு 11.8 கோடி டாலர் என்று ஃபிலடெல்ஃபியாவுக்குக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு நிச்சயமான பெண்ணின் ஊர் பக்கத்து நியூஜெர்சி. செலவுக்கும் கறாரான உச்சவரம்பு கிடையாது. ஒரு கோடு மட்டும் உண்டு, 2026-க்கு அது 24.4 கோடி டாலர். அதைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும். கட்ட மனமிருந்தால் தாண்டலாம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அப்படித்தான் தாண்டிக்கொண்டிருக்கிறது.

தலைப்பில் வரும் தொகையை அப்படியே நம்புவது

2023 டிசம்பரில் ஷோஹெய் ஓட்டானி டாட்ஜர்ஸோடு 10 ஆண்டுக்கு 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். வருஷத்துக்கு 7 கோடி என்று எல்லோரும் வகுத்துப் பார்த்தார்கள். உண்மையில் ஒப்பந்தக் காலத்தில் அவர் கைக்கு வருவது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் மட்டுமே. மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல் வரும். இன்றைய மதிப்பில் கணக்கிட்டு, வரிக் கணக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4.6 கோடி என்றுதான் வைத்திருக்கிறார்கள். பெரிய தொகைதான், ஆனால் 7 கோடி இல்லை. இந்த ஏற்பாடும் புதிதில்லை. 2015-இல் மேக்ஸ் ஷெர்சர் வாஷிங்டன் நேஷனல்ஸோடு போட்ட 21 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பாதி தள்ளிவைக்கப்பட்ட பணம்.

அணி செலவழிக்கும் தொகை தலைப்பில் வருவதைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. யோஷிநோபு யமமோட்டோவுக்கு அதே குளிர்காலத்தில் டாட்ஜர்ஸ் 12 ஆண்டுக்கு 32.5 கோடி கொடுத்தது. அவர் ஜப்பானிய லீக்கிலிருந்து போஸ்டிங் முறையில் வந்தவர். ஆகவே அவருடைய பழைய ஜப்பானிய அணியான ஓரிக்ஸ் பஃபலோஸுக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும்: ஒப்பந்தத் தொகையில் முதல் 2.5 கோடிக்கு 20 சதவீதம், அடுத்த 2.5 கோடிக்கு 17.5 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம். கூட்டிப் பார்த்தால் 5 கோடியே 6 லட்சத்துச் சொச்சம் டாலர். இதை விட்டுவிட்டு, கெரிட் கோல் நியூயார்க் யாங்கீஸிடம் வாங்கிய 32.4 கோடியைவிடப் பத்து லட்சம்தான் கூடுதல் என்று எழுதியவர்கள் உண்டு. வீரருக்குப் போகும் தொகையில் அது சரி. அணியின் செலவு என்று பார்த்தால் சரியில்லை.

அப்புறம், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஆண்டுகள். இதில் 2024 தொடக்கத்தில் நடந்த இரண்டு ஒப்பந்தங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பிளேக் ஸ்னெல் 2023-இல், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீக்கில், ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். ஜோர்டன் மாண்ட்கோமரி அதே ஆண்டு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வெல்ல உதவியவர். இருவருக்கும் ஸ்காட் போராஸ்தான் ஏஜென்ட். நீண்ட ஒப்பந்தம் வரும் என்று இருவரும் மார்ச் வரை காத்திருந்தார்கள், வரவில்லை. ஸ்னெல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸோடு 2 ஆண்டு, 6.2 கோடிக்குப் போட்டார். முதல் ஆண்டு முடிந்ததும் விரும்பினால் விலகலாம். மாண்ட்கோமரி அரிசோனாவில் ஓராண்டு, 2.5 கோடிக்குப் போட்டார். தேவையான ஆட்டங்கள் ஆடினால் அடுத்த ஆண்டும் இருப்பதா என்பது அவர் முடிவு.

ஸ்னெல் முதல் ஆறு ஆட்டங்களில் படுமோசம். காயத்தோடும் மல்லாடினார். ஜூலைக்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். ஆகஸ்ட் 2 அன்று சின்சினாட்டிக்கு எதிராக ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸை எட்டுவது) கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். சீசன் முடிந்ததும் ஒப்பந்தத்திலிருந்து விலகி, டாட்ஜர்ஸில் 5 ஆண்டுக்கு 18.2 கோடி வாங்கினார். மாண்ட்கோமரியின் ஈஆர்ஏ (கொடுத்த ரன்களின் சராசரி, குறைவாக இருந்தால் நல்லது) 6.23. அவர் விலகவில்லை, 2.25 கோடியை எடுத்துக்கொண்டு அரிசோனாவிலேயே இருந்தார். அந்த அணியின் உரிமையாளர், இந்த ஒப்பந்தத்துக்கு யாரையாவது குறை சொல்வதென்றால் என்னைச் சொல்லுங்கள் என்று வெளிப்படையாகவே பேசினார். 2025-இல் முழங்கை அறுவை சிகிச்சை. மாண்ட்கோமரி அரிசோனாவுக்காக அந்த ஆண்டு ஒரு பந்தும் வீசவில்லை.

விலகும் உரிமை வீரர் கையில் இருந்தால் நன்றாக ஆடியவர் கிளம்பிவிடுவார், சொதப்பியவர் தங்கிவிடுவார். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று செய்தி வந்தால், அது அணிக்கு நல்ல விதமாக இரண்டு ஆண்டு ஓடும் என்று அர்த்தமில்லை. எப்போதாவது அணியும் சாமர்த்தியமாக ஒரு வரி சேர்க்கும். ஜான் லாக்கியின் 2009 பாஸ்டன் ஒப்பந்தத்தில், முழங்கைக் காயத்தால் அவர் நீண்டகாலம் ஆடாமல் போனால் கூடுதலாக ஓராண்டு குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆட வேண்டும் என்று இருந்தது. காயம் வந்தது. 2015-இல் செயின்ட் லூயிஸுக்காக, புதிதாக வந்த பையன்கள் வாங்கும் சம்பளத்துக்கு ஆடினார்.

போன வருஷ ஈஆர்ஏவை வைத்து எடைபோடுவது

ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பது ஈஆர்ஏ. ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிடுவார்கள். நடந்ததைச் சொல்ல நல்ல எண்தான். நடக்கப்போவதைச் சொல்வதில் அது சுமார். பின்னால் நிற்பவர்களின் ஃபீல்டிங், மைதானம், பந்து எங்கே விழுந்தது என்ற அதிர்ஷ்டம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. பிட்சரின் கையில் மட்டும் இருப்பவை ஸ்டிரைக் அவுட் (அடிப்பவரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றுவது), வாக் (நான்கு தவறான பந்து வீசி அவரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது), ஓரளவுக்கு ஹோம் ரன் (சுற்றிவந்து ரன் எடுக்கும் பெரிய அடி). அணிகள் இப்போது பார்ப்பது இவற்றையும், பந்தின் வேகத்தையும் சுழற்சியையும்தான்.

வீலரின் 2019 ஈஆர்ஏ 3.96. சுமார்தான் என்று அன்று தோன்றியது. ஆனால் வேகமும் ஸ்டிரைக் அவுட்டும் பிரமாதமாக இருந்தன. 2021-இலும் 2024-இலும் சை யங் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தார். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிட்சருக்குச் செலவிட்ட பணத்தில் இதைவிட நல்ல செலவு அதிகம் இல்லை என்பது என் கணக்கு. 2025 நவம்பரில் டொரான்டோ டிலன் சீஸுக்கு 7 ஆண்டு, 21 கோடி கொடுத்ததும் இதே தர்க்கத்தில்தான். அந்த ஆண்டு அவருடைய ஈஆர்ஏ 4.55, ஸ்டிரைக் அவுட் 215. முதல் எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது.

ராபி ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் ஈஆர்ஏ 6.62, டொரான்டோ ஓராண்டுக்கு 80 லட்சம் டாலருக்கு வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு சை யங் விருதே வாங்கிவிட்டார். எதிர்ப்பக்கம் பாரி ஜிட்டோ. 2006 டிசம்பரில் 7 ஆண்டு, 12.6 கோடி, அன்றைக்கு எந்தப் பிட்சரும் வாங்காத தொகை. வெற்றிகள் குவிந்திருந்தன, ஆனால் பந்தின் வேகம் குறைந்துகொண்டே வந்தது, வாக் கூடியிருந்தது. ஜயன்ட்ஸில் அவருடைய கணக்கு 63 வெற்றி, 80 தோல்வி. 2012 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தை அவர் வென்று கொடுத்ததால் சான் பிரான்சிஸ்கோ ரசிகர்கள் மன்னித்துவிட்டார்கள், அது வேறு கதை.

மைதானத்தை மறப்பது இன்னும் மோசம். டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது, பந்து நன்றாக வளையாது, அடித்தால் தூரமாகப் பறக்கும். 2000 டிசம்பரில் கொலராடோ ராக்கீஸ் மைக் ஹாம்ப்டனுக்கு 8 ஆண்டு, 12.1 கோடி கொடுத்து அங்கே கூட்டி வந்தது. முதல் ஆண்டு ஈஆர்ஏ 5.41, இரண்டாம் ஆண்டு 6.15. மூன்றாம் ஆண்டு அவர் அங்கே இல்லை.

பிட்சரின் கை உடையாது என்று நினைப்பது

ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க் 2019 வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர். டிசம்பரில் நேஷனல்ஸ் 7 ஆண்டு, 24.5 கோடி கொடுத்தது. அதன் பிறகு அவர் ஆடியது மொத்தம் எட்டு ஆட்டம், 31 இன்னிங்ஸ் சொச்சம். மணிக்கட்டில் நரம்புப் பிரச்சினை, பிறகு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு நெருக்குவதற்கு அறுவை சிகிச்சை. 2024-இல் ஓய்வு. ஜேக்கப் டிகிராம் ரேஞ்சர்ஸில் 18.5 கோடிக்குச் சேர்ந்து ஆறு ஆட்டத்தில் டாமி ஜான் அறுவை சிகிச்சைக்குப் போனார். கார்பின் பர்ன்ஸ் 21 கோடிக்கு அரிசோனா போய்ப் பதினோரு ஆட்டத்தில் அதே கதி. முழங்கையில் கிழிந்த தசைநாரை மாற்றிக் கட்டும் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு திரும்பிவர ஓராண்டுக்குக் குறையாது. மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டு, வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதும் காயங்களுக்குக் காரணம் என்று சொன்னது. அதே வேகத்துக்குத்தான் சந்தையில் விலை. ஆக, 30 வயதுப் பிட்சருக்கு ஏழு ஆண்டு என்றால், அதில் ஓரிரு ஆண்டு மருத்துவமனைக்கு என்று இப்போதே எழுதிவைத்துக்கொள்வதுதான் நியாயமான கணக்கு.

இங்கே எதிர்த்தவறு ஒன்றும் உண்டு: ஒப்பந்தம் கெட்டுப்போனதும் எல்லாமே தண்டம் என்று சொல்லிவிடுவது. பாட்ரிக் கார்பினுக்கு நேஷனல்ஸ் கொடுத்தது 6 ஆண்டுக்கு 14 கோடி. 2021-இலிருந்து அவர் தோல்விகளாக அடுக்கினார். ஆனால் முதல் ஆண்டான 2019-இல், ஹூஸ்டனில் நடந்த வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் நடுவில் வந்து மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி, வெற்றியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவரும் அவர்தான். வாஷிங்டன் ரசிகரிடம் அந்த 14 கோடி வீணா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆட்டத்தின் பிற்பகுதியில் மாற்றாக வந்து வீசும் ரிலீவர்கள் விஷயத்தில் இந்தப் பெருந்தன்மை எனக்கு இல்லை. ஆண்டுக்கு அறுபது எழுபது இன்னிங்ஸ்தான் வீசுகிறார்கள். அதில் ஒரு நல்ல சீசன் என்பது பாதி அதிர்ஷ்டம். 2017 குளிர்காலத்தில் ராக்கீஸ் வேட் டேவிஸ், பிரையன் ஷா, ஜேக் மெக்கீ என்ற மூவருக்கு மொத்தம் 10.6 கோடி கொடுத்தது. டேவிஸ் ஒரு சீசன் தாங்கினார். மற்ற இருவர் அதுவும் இல்லை.

காத்திருக்கும் வீரரை விலை போகாதவர் என்பது

சில சமயம் தாமதத்துக்குக் காரணம் விதிமுறை. பழைய அணி குவாலிஃபையிங் ஆஃபர் என்ற ஓராண்டுத் தொகையை நீட்டி, வீரர் மறுத்தால், அவரை எடுக்கும் புது அணி, இளம் வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு வாய்ப்பை இழக்க நேரிடும். சை யங் விருது வாங்கிய டல்லஸ் கைக்கல் 2018-இல் 1.79 கோடியை மறுத்தார். 2019 ஜூனில் டிராஃப்ட் முடிந்து அந்தச் சுமை நீங்கிய பிறகுதான் அட்லாண்டாவில் 1.3 கோடிக்குச் சேர்ந்தார். ஒவ்வொரு குளிர்காலமும் நவம்பரில் யார் யாருக்கு இந்த ஆஃபர் வந்தது என்ற பட்டியலைப் பார்த்துவிட்டால், பிப்ரவரி வரை யார் காத்திருக்கக்கூடும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பெரிய பெயர்களை மட்டும் பின்தொடர்வதும் வழக்கமான தவறுதான். 2023-இல் 106 ஆட்டம் தோற்ற கான்சாஸ் சிட்டி, அந்தக் குளிர்காலத்தில் சேத் லூகோவை 3 ஆண்டு, 4.5 கோடிக்கும், மைக்கேல் வாக்காவை 2 ஆண்டு, 3.2 கோடிக்கும் எடுத்தது. யாரும் பெரிதாகப் பேசவில்லை. அடுத்த ஆண்டு 86 வெற்றியோடு பிளே ஆஃப் போனது. லூகோ சை யங் வாக்கெடுப்பில் இரண்டாமவர்.

ஏப்ரலிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள் என்பதற்கு யமமோட்டோ போதும். 2024 மார்ச்சில் சியோலில் ஆடிய முதல் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்தார். அன்று இணையத்தில் எழுதியதை இப்போது அழித்துவிட்டவர்கள் இருக்கக்கூடும்: 2025 வேர்ல்ட் சீரிஸில் மூன்று ஆட்டங்களை அவரே வென்றார், ஆறாவதையும் ஏழாவதையும் அடுத்தடுத்த நாளில். அவருக்கு 12 ஆண்டு கொடுத்தபோது வயது 25 என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மற்ற பெரிய ஒப்பந்தங்களில் கோலுக்கு 29, ஸ்டிராஸ்பர்க்குக்கு 31, டிகிராமுக்கு 34.

கடைசியாக ஒன்று. ஒப்புக்கொண்டார் என்று செய்தி வந்தால் கையெழுத்து ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. 2015 டிசம்பரில் ஹிசாஷி இவாகுமா டாட்ஜர்ஸோடு 3 ஆண்டு, 4.5 கோடிக்கு ஒப்புக்கொண்டதாக எல்லா ஊடகங்களும் எழுதின. பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாட்ஜர்ஸ் தயங்கியது. சில நாளில் அவர் பழைய அணியான சியாட்டிலுக்கே திரும்பிவிட்டார். அணியின் அதிகாரப்பூர்வ அறிவிப்பு வரும்வரை புது ஜெர்சி வாங்காமல் இருப்பது பர்ஸுக்கு நல்லது.