நீண்டகாலம் பதவியில் இருந்த பிரிட்டிஷ் எம்.பி.யின் அரசியல் வாழ்வைத் தொகுப்பது எப்படி?

நாற்பது ஐம்பது ஆண்டுகள் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது அவருடைய புகழ்பெற்ற பேச்சுகளிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் வேலை, பதவிக்கால அட்டவணை. இதில் சறுக்கினால் வயது, மூப்பு, வாக்குக் கணக்கு எல்லாமே சறுக்கும்.

அட்டவணைக்கு ஐந்து கட்டங்கள் போதும்: தொகுதி, நுழைந்த நாள், பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா, வெளியேறிய நாள், வெளியேறிய காரணம். "1950 முதல் 2001 வரை எம்.பி." என்று ஒரே வரியில் முடித்துவிடத்தான் கை போகும். தொழிற்கட்சி எம்.பி. டோனி பென்னை அப்படி எழுதினால் பாதிக் கதை காணாமல் போகும். 1950 நவம்பரில் பிரிஸ்டல் தென்கிழக்கு இடைத்தேர்தலில் வென்றார். 1960 நவம்பரில் தந்தை இறந்ததும் பிரபுப் பட்டம் தானாக அவர்மேல் இறங்கியது; பிரபுக்கள் கீழவையான காமன்ஸில் அமர முடியாது என்பதால் பதவி போனது. 1961 இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார். ஆனால் தேர்தல் நீதிமன்றம் அவரைத் தகுதியற்றவர் என்று சொல்லி, தோற்ற வேட்பாளருக்கு இடத்தைக் கொடுத்தது. பட்டத்தைத் துறக்க வழிவிட்ட 1963 சட்டத்துக்குப் பிறகுதான் ஆகஸ்டில் திரும்பினார். 1983இல் தொகுதி மறைய, பிரிஸ்டல் கிழக்கில் நின்று தோற்றார். 1984 மார்ச்சில் செஸ்டர்ஃபீல்ட் அவரை மறுபடி உள்ளே அனுப்பியது. ஆக, இவருக்கு அட்டவணையில் குறைந்தது மூன்று தனி வரிசைகள் வேண்டும்.

வெளியேறிய நாளில் இன்னொரு பொறி இருக்கிறது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதும் எல்லோருடைய உறுப்பினர் பதவியும் முடிந்துவிடும். மறுபடி போட்டியிடாமல் ஓய்வு பெறுபவருக்குக் கலைப்பு நாளே கடைசி நாள். வாக்குப்பதிவு நாள் அல்ல. பென்னுக்கு அது 2001 மே 14, ஜூன் 7 அல்ல. இடையில் விலகியவர்களுக்கு "சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார்" என்று பதிவு இருக்கும். இதை ஏதோ புதுப் பதவி என்று எழுதிவிடாதீர்கள். எம்.பி. நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. அதனால் பெயரளவிலான இந்த அரசுப் பணியை ஏற்றுத் தகுதி இழக்கிறார், அவ்வளவுதான். நார்த்ஸ்டெட் மேனர் என்று வந்தாலும் இதே கதை.

தொகுதிப் பெயர் மாறினால் ஊர் மாறிவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். 1950, 1955, பிப்ரவரி 1974, 1983, 1997, 2010, 2024 தேர்தல்களை ஒட்டி எல்லைகள் மறுவரையறை ஆயின. கன்சர்வேட்டிவ் எம்.பி. பீட்டர் டாப்சல் 1966 முதல் 2015 வரை லிங்கன்ஷயரை விட்டு நகரவே இல்லை. தொகுதிதான் ஹார்ன்காசில், கிழக்கு லிண்ட்சி, லவுத் - ஹார்ன்காசில் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அவரே மூப்புக் கணக்குக்கும் நல்ல பாடம். 1959இல் நாட்டிங்ஹாம் மேற்கில் வென்று 1964இல் தோற்றவர் அவர். அவையில் மிக மூத்த உறுப்பினருக்குத் தரப்படும் "அவையின் தந்தை" என்ற சிறப்புக்கு இடைவெளி இல்லாத சேவை மட்டுமே கணக்கு என்பதால், 2010இல் அது அவரிடம் வந்தபோது எண்ணிக்கை 1966இலிருந்துதான் தொடங்கியது. சர்ச்சிலுக்கும் அப்படியே: 1900இல் முதலில் நுழைந்தாலும் கணக்கு 1924இலிருந்து. ஒரே தேர்தலில் வந்தவர்கள் பலர் என்றால் யார் முதலில் உறுதிமொழி எடுத்தார் என்று பார்க்க வேண்டும். கென் கிளார்க்கும் டெனிஸ் ஸ்கின்னரும் 1970இல் ஒன்றாக வந்தவர்கள். 2017இல் அந்தச் சிறப்பு கிளார்க்குக்குப் போனது இதனால்தான்.

இனி ஹான்சார்ட், அதாவது நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவு. மேற்கோள் காட்டும்போது நாள், நூல்தொகுப்பு எண் (volume), பத்தி எண் (column) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1909க்கு முந்தைய பதிவுகள் பெரும்பாலும் செய்தித்தாள் அறிக்கைகளிலிருந்து தொகுத்த சுருக்கங்கள். அவற்றை மேற்கோள் குறிக்குள் போட்டு "அவர் சொன்ன சொற்கள்" என்று எழுதுவது தவறு. பெயரையும் பல வடிவங்களில் தேட வேண்டும்: பழைய பதிவுகளில் பென், அந்தோணி வெட்ஜ்வுட் பென்னாக இருக்கிறார். 1970 முதல் 1997 வரை வரும் வின்ஸ்டன் சர்ச்சில், பிரதமர் சர்ச்சிலின் பேரன். கன்னிப்பேச்சை அவசியம் படியுங்கள், ஆனால் அதை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். முன்னவரைப் புகழ்வதும் தொகுதியை வருணிப்பதும் அங்கே மரபு.

வாக்குப் பதிவுகள்தான் அதிகம் ஏமாற்றுபவை. பட்டியலில் பெயர் இல்லை என்றால் எதிர்த்தார் என்றோ நடுநிலை வகித்தார் என்றோ பொருள் இல்லை. உடல்நலக் குறைவாக இருக்கலாம், வெளிநாட்டில் இருந்திருக்கலாம், எதிர்க்கட்சிக்காரர் ஒருவரோடு பேசிவைத்து இருவரும் வராமல் இருந்திருக்கலாம். காமன்ஸ் அவையில் வராதவரையும் வந்து வாக்களிக்காதவரையும் பிரித்துக் காட்டும் பதிவு கிடையாது. எண்ணிக்கையாளர்களாக நின்ற நால்வரின் பெயர் தனியாக இருக்கும், மொத்தத்தில் சேராது. ஒருவரே இரு பக்கமும் இருந்தால் அச்சுப்பிழை என்று உடனே ஒதுக்க வேண்டாம். வேண்டுமென்றே இரண்டிலும் வாக்களிப்பவர்கள் உண்டு.

"கட்சியை எதிர்த்தார்" என்று எழுதும் முன் கொறடா உத்தரவு இருந்ததா என்று பாருங்கள். உத்தரவுகளை அவை வெளியிடுவதில்லை. அதனால் அதே வாக்கெடுப்பில் கட்சியின் முன்வரிசை (அமைச்சர்கள் அல்லது நிழல் அமைச்சர்கள்) எப்படி வாக்களித்தது என்பதே நடைமுறையில் உரைகல். மரண தண்டனை, கருக்கலைப்பு போன்றவற்றில் மனசாட்சி வாக்கு வழக்கம். முன்வரிசையே பிரிந்து நிற்கும். அங்கே கலகம் என்ற சொல்லுக்கு இடமில்லை.

அமைச்சராக இருந்த ஆண்டுகளில் நீங்கள் எழுதும் எம்.பி. கேள்விகள் கேட்டிருக்கவே மாட்டார், முன்கூட்டிய தீர்மானங்களில் (Early Day Motion, எம்.பி.க்கள் தங்கள் கருத்தைப் பதிய முன்வைக்கும் தீர்மானம்) கையெழுத்தும் போட்டிருக்க மாட்டார். அதைச் சோம்பல் என்று வாசிக்க வேண்டாம். அந்த ஆண்டுகளுக்கு லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அமைச்சரவைத் தாள்களே துணை. அரசுத் தாள்களை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு திறந்துவிடும் விதி 2013 முதல் படிப்படியாக இருபதாகக் குறைக்கப்பட்டது. தனிக் கடிதங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில் இருக்கும்: சர்ச்சில், தாட்சர் தாள்கள் கேம்பிரிட்ஜில், முன்னாள் பிரதமர் ஹீத்தின் தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில். அங்கே சில கோப்புகள் பூட்டியே இருக்கும். பயணத்துக்கு முன்பே பட்டியலைப் பார்த்து, கோப்பு எண்ணோடு அனுமதி கேட்டுவிடுங்கள்.